சொல்லாமலே புரிந்துகொண்ட சிநேகிதி

என் அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே யாராவது பாஸ்வேர்டு தட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுவிடுவாள். ஓரக்கண்ணால் பார்ப்பதுகூடக் கிடையாது. சுவரில் பல்லி இருந்தால் பல்லியைப் பார்ப்பாள், ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் சுண்ணாம்பைப் பார்ப்பாள். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் என் அண்ணன், அதாவது அவளைக் கட்டிய புருஷன், நாலு எண்ணைத் தட்டும்போதும் அதே கதைதான்.

"எதுக்கு அண்ணி இவ்வளவு பவிசு? உங்க புருஷன்தானே?" என்று கேட்டிருக்கிறேன்.

"பழகிப் போச்சு. ஒரு இடத்துல பார்த்துட்டா அப்புறம் எல்லா இடத்துலயும் பார்க்கத் தோணும்" என்பாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி யாரையாவது நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றால் வீட்டில் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். அண்ணி நேர் எதிர். அவள் வாயிலிருந்து ஒரு சேதியை வரவழைப்பதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தோம். நாத்தனாரும் அண்ணியும் இப்படிக் காலை முதல் மாலை வரை ஒட்டிக்கொண்டிருந்தும் சண்டை வராததற்குக் காரணம் நிச்சயமாக நான் இல்லை.

முன்கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எனக்கு இடம். வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, வரிசைப்படி உட்காரவைப்பது என் வேலை. பக்கத்தில் திரை போட்ட சின்ன அறையில் ரத்தம் எடுக்கிறவர் இருந்தார். அவரை எல்லாரும் 'ஊசி' என்றே கூப்பிடுவோம். அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார். உள்ளே நீளமான கூடத்தில் பரிசோதனை இயந்திரங்கள். மாடிப்படிக்குக் கீழே, முன்பு காலி அட்டைப் பெட்டிகளைப் போட்டு வைத்திருந்த அறையில், எல்லாக் கணினிகளையும் இணைத்து நடத்தும் சர்வரோடு அண்ணி. அந்த அறை எப்போதும் குளிர்ந்து கிடக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் அண்ணி உள்ளே கம்பளிச் சட்டையோடு இருப்பாள். பாஸ்வேர்டு மறந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். அதனால் அவளுக்குச் 'சாவி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் ஒன்றும் அதற்கென்று படித்து வந்தவள் இல்லை. ரிப்போர்ட் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனபோது, பழுதானதைத் தட்டித் தடவிச் சரி செய்ததில் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. அப்புறம் அவளே புத்தகம் வாங்கிப் படித்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதைப் படித்துப் பொங்கவிட்ட கதையை என் அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அவளோடு அதே நாளில், அதே மேஜையில் தட்டச்சுக்குச் சேர்ந்தவள்தான் அவளுடைய சிநேகிதி. அண்ணிக்கு இயந்திரம் வசப்பட்டது, அவளுக்கு மனிதர்கள். பேசிப் பேசியே படிப்படியாக மேலே போய் மேனேஜர் ஆனாள். ஆனாலும் பழசை மறக்கவில்லை என்று எல்லாரும் புகழ்ந்தோம். மதியம் ஆனால் தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி அறைக்கு வந்துவிடுவாள். இருவரும் குளிரில் ஒரே போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

"அவகிட்ட நான் எதையும் சொல்லவே வேணாம். சொல்லாமலே புரிஞ்சுக்குவா" என்று அண்ணி வாய்க்கு வாய் சொல்வாள். வாயே திறக்காதவளுக்கு அதைவிட வேறென்ன வரம் வேண்டும்?

ஆள் நுழையும்போது ஓடியதால் 'வாசல் கட்டளை' என்று நாங்கள் சொன்ன ஒன்று அங்கே வந்தது என்னால்தான். உள்ளே எந்த டெக்னீஷியன் வந்திருக்கிறார், எவர் வரவில்லை என்று தெரியாமல் நான் தினமும் காலையில் முன்கூடத்துக்கும் உள்கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அண்ணியிடம் புலம்பித் தீர்த்தேன். அவள் யோசித்துவிட்டு ஒரு வேலை செய்தாள். ஊழியர் ஒருவர் கணினியில் பெயரும் பாஸ்வேர்டும் தட்டியதும் சர்வர் அதைச் சரிபார்க்கும் அல்லவா? சரிபார்க்கும் அந்த நேரத்திலேயே, தான் சில வரிகளில் எழுதிய ஒரு சின்னக் கட்டளையைக் கூப்பிட்டு ஓடவிடும்படி சர்வருக்குச் சொல்லிவைத்தாள். அந்தக் கட்டளைக்கு ஒரே வேலை. 'இன்னார் வந்திருக்கிறார்' என்று என் திரையில் காட்டுவது. அது ஓடி முடித்த பிறகே சர்வர் கதவைத் திறந்து ஆளை உள்ளே விடும்.

என் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் எனக்கு ஒரே கொண்டாட்டம். ஊசிக்குத்தான் சந்தேகம். நேராகப் படிக்கட்டு அறைக்குப் போய்க் கேட்டார்.

"சாவிம்மா, பாஸ்வேர்டு தட்டுற நேரத்துல நடுவுல ஏதோ ஓடுதுன்னு சொல்றாங்களே. அது எங்க பாஸ்வேர்டைப் பார்க்குமா?"

"பார்க்கிற மாதிரி வைக்கவும் வழி இருக்கு, அண்ணே. ஒரு வார்த்தை சேர்த்தா போதும், சர்வரே பாஸ்வேர்டைத் தூக்கி அதுகிட்ட குடுத்துடும். நான் அதைச் சேர்க்கல. பேரு மட்டும்தான் போகும். இதுக்கு நான் பொறுப்பு."

"நீங்க சொன்னா சரி" என்றார் அவர். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற பெண்ணின் வார்த்தைக்கு அங்கே அப்படி ஒரு மதிப்பு.

பிறகு அண்ணிக்கு வயிற்றில் ஒரு கட்டி என்று ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், சர்வரின் தலைமைப் பாஸ்வேர்டைத் தன் சிநேகிதியிடம் சொல்லிவிட்டுப் போனாள். தான் இல்லாதபோது ஏதாவது நின்றுபோனால் வெளியாளைக் கூப்பிட்டாவது சரிபண்ண வேண்டுமே என்ற கவலை. அதுவரை அதை ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சிநேகிதி வந்தாள், பழத்தோடு. சிக்குப் பிடித்துக் கிடந்த அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வலிக்காமல் சீவிப் பின்னிவிட்டாள். "ஆபீஸ்ல எல்லாம் நல்லா ஓடுதுடி. நீ ஒண்ணும் நினைக்காதே" என்றாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த பழத்தையே உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். 

அண்ணி தேறி வேலைக்குத் திரும்பினாள். சில வாரம் போனதும் ஒருநாள் பஸ்ஸில் வரும்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"நாளைக்கு ஸ்கேனுக்கு அவ எங்கூட வர்றாளாம்" என்றாள்.

"என்ன ஸ்கேன்? ஆபரேஷன்தான் முடிஞ்சுதே?"

"மறுபடி ஒரு தடவை பார்க்கணும்னு டாக்டர் சொன்னாரு. மறுபடி ஏதாவது இருக்குமோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம். வீட்டுல சொன்னா உங்கண்ணன் தூங்க மாட்டாரு, அத்தை சாப்பிட மாட்டாங்க. எங்க அக்காவுக்கு மட்டும் ஆபீஸ் மெயில்ல எழுதினேன். இங்க யார்கிட்டயும் மூச்சு விடல. இன்னிக்குச் சாப்பிடுறப்போ இவ அவளாவே கேக்குறா. 'உன் மூஞ்சியே சரியில்லையேடி. ஆஸ்பத்திரிக்கு எதுக்காவது போகணுமா? நான் வரட்டுமா?'ன்னு. பாரேன், எப்படிப் புரிஞ்சுக்கிறா!"

எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம்? தினமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறவள் நான். அவள் மூஞ்சி எனக்கு மட்டும் சரியாகவா இருந்தது? ஏன் எனக்குத் தெரியவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஆமாமா, பெரிய சிநேகிதி" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. காத்திருந்த நேரம் முழுவதும் சிநேகிதி தன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்ததாக அண்ணி சொன்னாள்.

அதன் பிறகு ஊசியை வேலையை விட்டு அனுப்பினார்கள். தாமதமாக வருகிறார் என்று காரணம் சொன்னார்கள். அவர் வரும் நேரம் எனக்குத்தான் தெரியும். என் திரையில் காலையில் முதலில் எட்டிப் பார்க்கும் பெயரே அவருடையதுதான். ஏதோ இருக்கிறது என்று பட்டது. ஆனால் என்னவென்று புரியவில்லை. அவரும் தன் வெள்ளைச் சட்டையை மடித்துத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்கிடையே, பாஸ்வேர்டு தட்டினால் உள்ளே விட ஒரு மூச்சு நேரம் கூடுதலாக எடுக்கிறது என்று அண்ணியே சொல்லிக்கொண்டிருந்தாள். சர்வருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தாள். "முதலாளிகிட்ட சொல்லிப் புதுசு ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுடி" என்று சிநேகிதியிடம் கேட்டதற்கு, அவளும் முகம் மாறாமல், "கேக்குறேன்" என்றிருக்கிறாள்.

குட்டு வெளிப்பட்டது ரோட்டைத் தோண்டியதால். ஒருநாள் காலையில் கட்டடத்துக்கு வெளியே பள்ளம் வெட்டியவர்கள் இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். அது எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. பரிசோதனை, ரிப்போர்ட் எல்லாம் கட்டடத்துக்குள்ளேயே ஓடுகிறவை. வெளி இணைப்பு இல்லாமல் எத்தனையோ நாள் வேலை செய்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கு யாராலும் கணினிக்குள் நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டைத் தட்டினால் அப்படியே உறைந்து நின்றது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கண்ணாடித் தடுப்பைத் தட்டித் தட்டி என் உயிரை எடுத்தார்கள்.

நான் படிக்கட்டு அறைக்கு ஓடினேன். அண்ணி அப்போதே கண்டுபிடித்திருந்தாள். நின்றது வாசல் கட்டளையில்.

"அது ஓடி முடிச்சாத்தான் சர்வர் கதவைத் திறக்கும். முடிய மாட்டேங்குது. வெளியே எதையோ கூப்பிட்டுட்டுப் பதிலுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது" என்றாள்.

"வெளியேவா? அது என் திரையிலதானே பேரு காட்டணும்? நான் உள்ளேதானே இருக்கேன்?"

"அதான் எனக்கும் புரியல."

அவள் கட்டளையைத் திறந்தாள். அவள் எழுதியதற்குக் கீழே அவள் எழுதாத வரிகள் இருந்தன. சர்வரின் அமைப்பைத் திறந்தாள். அவள் வேண்டுமென்றே விட்டிருந்த அந்த ஒரு வார்த்தை அங்கே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் தட்டும் பாஸ்வேர்டையும் சர்வர் எடுத்துக் கட்டளையிடம் கொடுக்க, கட்டளை அதை வெளியே எங்கோ அனுப்பிவைத்திருக்கிறது. ஆபீஸ் மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான். இணைப்பு அறுந்ததும் அனுப்பவும் முடியாமல், விடவும் தெரியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அதை வைத்தவர் கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அண்ணியாக இருந்தால் யோசித்திருப்பாள்.

அங்கே பதிந்திருந்த தேதிப்படி, மாற்றம் நடந்தது அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில். தலைமைப் பாஸ்வேர்டு அப்போது ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு பேர் நுழைந்தால் மட்டும் கண்டுகொள்ளாதே என்று கட்டளைக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் முதலாளி. இன்னொருத்தி அந்தச் சிநேகிதி. அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேயறைந்த மாதிரி என்பார்களே, அந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வரிகளை நீக்கினாள், எல்லாராலும் உள்ளே போக முடிந்தது. கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

அங்கே நடந்ததை அண்ணி பின்னால் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். சிநேகிதி மறுக்கவே இல்லையாம்.

"காலாவதியான மருந்தை வச்சு டெஸ்ட் பண்றோம்னு இங்கேயிருந்து யாரோ அரசாங்கத்துக்குப் புகார் எழுதப் போறதா முதலாளி காதுல விழுந்துச்சு. யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னாரு. கட்டளையை மாத்த வெளியாளை அவரே அனுப்பினாரு. நான் கதவைத் திறந்து விட்டேன், அவ்வளவுதான்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ செஞ்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." அப்புறம் எழுந்துவந்து அண்ணியின் தோளில் கை வைத்திருக்கிறாள். "எடுத்துட்டேல்ல? அத்தோட விடு. வெளியே தெரிஞ்சா உன்னைத்தான் கேப்பாங்க. கட்டளை உன் பேர்ல இருக்கு, பொறுப்புன்னு சொன்னதும் நீதான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்டி."

தோளில் இருந்த கையை எடுத்துவிட்டு அண்ணி திரும்பி வந்தாள். நான் அவள் பின்னாலேயே அறைக்குள் போனேன்.

"விட்டுடுங்க அண்ணி. உங்க வேலை போயிடும்" என்றேன். நானா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். வாய் நீளம் என்றால் தைரியமும் நீளம் என்று அர்த்தமில்லை போலிருக்கிறது.

"ஊசி அண்ணன் எங்கிட்டதானே வந்து கேட்டாரு?" என்றாள். 

பிறகு அந்தக் கட்டளைக்குள்ளேயே கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து பாஸ்வேர்டு தட்டியபோது, உள்ளே விடுவதற்கு முன்னால் திரையில் இது வந்தது:

'நீங்கள் இங்கே தட்டிய பாஸ்வேர்டு சில மாதங்களாக உங்களுக்குத் தெரியாமல் வெளியே போயிருக்கிறது. உங்கள் மெயில்கள் படிக்கப்பட்டிருக்கலாம். உடனே மாற்றிவிடுங்கள். இதற்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன். காப்பாற்றவில்லை. மன்னியுங்கள். சாவி.'

உள்கூடத்தில் தட்டுகிற சத்தம் நின்றது. இயந்திரங்கள் மட்டும் முனகிக்கொண்டிருந்தன. யாராவது எழுந்து மேனேஜர் அறைக்குப் போய்ச் சட்டையைப் பிடிப்பார்கள் என்று காத்திருந்தேன். எழுந்தார்கள். ஆனால் போனது படிக்கட்டு அறைக்கு. "நீங்கதானே வச்சீங்க?", "எவ்வளவு வாங்கினீங்க?", "சுவரைப் பார்த்துத் திரும்பினதெல்லாம் நடிப்பா?" என்று ஆளுக்கொரு கல்லை எறிந்தார்கள். செய்தது மேனேஜர் என்று நான் கத்தினேன். வீட்டு ஆள் அப்படித்தான் பேசுவாள் என்று என்னையும் சேர்த்து ஒதுக்கினார்கள். எல்லாரும் எங்கள் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஊசிக்கு நான்தான் போன் செய்தேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "அவங்க செஞ்சிருக்க மாட்டாங்கம்மா. எனக்குத் தெரியும்" என்றார். கூடவே, "ஆனா அவங்க வார்த்தையை நம்பித்தான் அந்தக் காலாவதி மருந்துப் புகாரை நான் ஆபீஸ் மெயில்லயே எழுதி வச்சேன்" என்றார். அதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

முதலாளி வந்தார். கம்பெனிக்குள் கலகம் மூட்டியதாகச் சொல்லி அண்ணியை அன்றைக்கே கணக்கு முடித்துக்கொண்டு போகச் சொன்னார். அவள் சாவிகளைக் கொடுத்தாள், தலைமைப் பாஸ்வேர்டைச் சொன்னாள், புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டாள். போர்வையை மட்டும் நாற்காலி மேலேயே விட்டுவிட்டாள்.

சாயங்காலம் முன்கூடம் காலியாக இருந்தது. அண்ணி பையோடு நிற்க, நான் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். சிநேகிதி கைப்பையோடு உள்ளேயிருந்து வந்தாள். எங்களைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நான் நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்த ரெண்டு பேர்ல என் பேரு இல்லையே. அப்போ என் பாஸ்வேர்டும் போயிருக்கு. என் மெயிலையும் படிச்சிருக்கீங்க." அண்ணியின் குரல் உடைந்தது. "ஸ்கேனுக்கு எங்கூட வந்தியே. அது நீயாத் தோணி வந்ததா? இல்ல, என் அக்காவுக்கு நான் எழுதினதைப் படிச்சுட்டு வந்ததா?"

வேலை போனதற்கு அவள் அழவில்லை. அத்தனை பேர் ஏசியதற்கும் அழவில்லை. இதற்குத்தான் அழுதாள். பொய்யாவது சொல்லித் தொலையேன்டி பாவி என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். தானாகத்தான் வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், அண்ணி அந்த ஒன்றையாவது வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாளே.

அவள் பொய் சொல்லவில்லை.

"படிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள். "யாராவது கூட வந்தா நல்லா இருக்கும், யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலன்னு எழுதியிருந்தே. படிச்சுட்டு நானும் அழுதேன். சரி, நான் செஞ்சது தப்புதான். ஆனா நீயே சொல்லு, நான் படிக்கலைன்னா அன்னிக்கு உங்கூட யாருடி வந்திருப்பா?"

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள்.

அங்கே இருந்த வீட்டு ஆள் நான் ஒருத்திதான். 'நான் வந்திருப்பேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சிநேகிதி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து நாங்களும் வெளியே வந்து, எப்போதும் போல ஒரே பஸ்ஸில் ஏறினோம்.